டெடி வெதர்ஃபோர்டின் இடது கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் நடுநிலை கிடைக்காது. டெடி வெதர்ஃபோர்ட் என்ற பியானோக்காரர் மேல் எனக்குப் பைத்தியம். வீட்டில் அவரை "உங்க கல்கத்தாக்காரர்" என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அவர் அமெரிக்கக் கறுப்பர். வர்ஜீனியாவில் போகஹான்டஸ் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1903 அக்டோபர் 11 அன்று பிறந்தவர். ஆனாலும் வீட்டில் சொல்வதை நான் திருத்துவதில்லை. அவர் கடைசியாக ஒரு குழுவைக் கட்டி, கடைசியாக இசைத்தட்டு பதித்து, கடைசி மூச்சை விட்டதெல்லாம் கல்கத்தாவில்தான். அந்தப் பெயர் அவருக்குப் பொருந்தும்.

நான் காட்டுப்பள்ளியில் துறைமுக வேலை பார்க்கிறவன். கிரேன்களின் மின்சார வேலை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், சுற்றிலும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், கண்டெய்னர் லாரிகளின் முடியாத வரிசை. ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு சாவி கொடுக்கிற கிராமபோனில் ஒரு கொலம்பியா தட்டை வைத்தால், மூன்று நிமிடத்துக்கு இந்த ஊர் இல்லாமல் போய்விடும். வேறொரு துறைமுக ஊர் வந்துவிடும். 1942-ஆம் ஆண்டுக் கல்கத்தா, சௌரிங்கி சாலை, கிராண்ட் ஹோட்டல்.

இந்த ஆளைப் பற்றி ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று புரியவேண்டுமானால் அந்தக் காலத்து பிரிட்டிஷ் டான்ஸ் பேண்டுகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியவேண்டும். 1920, 30-களில் லண்டனின் பெரிய ஹோட்டல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு குழு. ஜாக் ஹில்டன், ஆம்ப்ரோஸ், ஹென்றி ஹால் என்று தலைவர்கள். ராத்திரி ஹோட்டலில் ஜோடிகளை ஆடவைப்பது, பகலில் ஸ்டூடியோவில் தட்டு பதிப்பது, வானொலியில் வாசிப்பது, இதுதான் அவர்கள் பிழைப்பு. அந்தத் தட்டுகள் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தன. பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் சனிக்கிழமை ஆடியது இந்த இசைக்குத்தான். பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்னால் இவற்றைக் கட்டுக்கட்டாக வாங்கலாம் என்று மூத்த சேகரிப்பாளர்கள் சொல்லக் கேட்டு வயிறு எரிந்திருக்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் கேரல் கிப்பன்ஸ் என்று ஒருவர். பியானோ வாசிப்பார், குழுவும் நடத்துவார். பிறப்பு 1903, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ். லண்டன் சவாய் ஹோட்டலின் ஆர்ஃபியன்ஸ் குழுவை நடத்தி, கொலம்பியாவுக்காகத் தட்டுகளை மலைபோலப் பதித்துக் குவித்தவர். பட்டுத்துணியில் விரல் வைத்தது போன்ற வாசிப்பு. பிரிட்டிஷ் டான்ஸ் பேண்டுகளின் வரலாறு எழுதுகிற யாரும் அவரை விடமாட்டார்கள். நம் டெடியும் அதே 1903-இல் பிறந்த அமெரிக்கர், அதே பியானோ, அதே ஹோட்டல் பிழைப்பு, அதே கொலம்பியா லேபிள், அதே சாம்ராஜ்யம். ஆனால் அவர் பெயர் அடிக்குறிப்பில்தான் வருகிறது. ஒருவர் வெள்ளைக்காரர், வாசித்த ஊர் லண்டன். மற்றவர் கறுப்பர், வாசித்த ஊர் கல்கத்தா. வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, சண்டை போதும். இசைக்கு வருகிறேன்.

1926 மே 28, சிகாகோ. எர்ஸ்கின் டேட் என்பவரின் வெண்டோம் தியேட்டர் குழு வோகாலியன் கம்பெனிக்கு ஒரு தட்டு பதிக்கிறது. வெண்டோம் ஒரு மௌனப்பட சினிமாக் கொட்டகை. திரையில் படம் ஓட, கீழே இந்தக் குழு வாசிக்கும். படத்தைவிடக் குழுவைக் கேட்க வந்த கூட்டம் அதிகம் என்று சொல்வார்கள், நான் நம்புகிறேன். காரணம், அதில் கார்னெட் ஊதியவர் 24 வயது லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ, 22 வயது டெடி. தட்டின் ஒரு பக்கம் 'ஸ்டாட்டிக் ஸ்ட்ரட்', மறுபக்கம் 'ஸ்டாம்ப் ஆஃப், லெட்ஸ் கோ'.

ஜாஸ் கேட்கிறவர்கள் இந்தத் தட்டை ஆம்ஸ்ட்ராங்குக்காக வைத்திருப்பார்கள். நான் பியானோ வரும் இடத்துக்காக வைத்திருக்கிறேன் (என்னிடம் இருப்பது மறுபதிப்புதான், அசல் தட்டின் விலையைக் கேட்டால் கிரேனிலிருந்து குதித்துவிடலாம்). மொத்தக் குழுவும் புயல் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டென்று எல்லோரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். பியானோ மட்டும். வேகம் ஓர் இம்மிகூடக் குறையவில்லை. எட்டுப் பத்துப் பேர் விட்டுப்போன இடத்தை ஓர் ஆள் பத்து விரலால் நிரப்புகிறான். இடது கை அடியில் கட்டையை இடிக்கிறது, வலது கை மேல் ஸ்தாயியில் பொறி பறக்கவிடுகிறது. முதல்முறை கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் உட்கார முடிவதில்லை. அந்தக் காலத்தில் சிகாகோவின் முதல் பியானோக்காரர் இவர்தான் என்றும், பிறகு புகழின் உச்சிக்குப் போன ஏர்ல் ஹைன்ஸ் இவரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார் என்றும் ஜாஸ் எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். கேட்டால் தெரியும்.

இந்த இடது கை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். இந்த வாசிப்புக்கு ஸ்டிரைட் என்று பெயர். தாளம் நாலு எண்ணிக்கை. ஒன்றாம் எண்ணிக்கையில் இடது கை பியானோவின் இடக்கோடிக்குப் போய் ஒரு மந்தர ஸ்தாயி ஸ்வரத்தைத் தட்டும். இரண்டில் அங்கிருந்து தாவி நடுவுக்கு வந்து மூன்று நாலு ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிக்கும். மூன்றில் மறுபடி கோடிக்கு, நாலில் மறுபடி நடுவுக்கு. நிமிடத்துக்கு இருநூறு எண்ணிக்கை ஓடும் பாட்டில் இந்தத் தாவலைக் கட்டையைப் பார்க்காமல் செய்யவேண்டும், ஏனென்றால் கண் வலது கையோடு இருக்கும். டிரம்ஸ் வேண்டாம், பேஸ் வேண்டாம், கிட்டார் வேண்டாம். மூன்று பேர் வேலையை ஒரு கை பார்த்துவிடும்.

மிக்ஜாம் புயல் அடித்த நாட்களில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. சாவி கிராமபோனுக்குக் கரண்ட் எதற்கு? பக்கத்துவீட்டுப் பையன், மீன்பிடிக் குடும்பம், மழைக்கு எங்கள் வீட்டில் ஒதுங்கியிருந்தான். தட்டு சுற்ற ஆரம்பித்ததும் கேட்டான்: "அண்ணே, எத்தினி பேருண்ணே வாசிக்கிறாங்க?"

"பியானோ ஒருத்தர்தான்டா."

"சும்மா சொல்லாதண்ணே. அடியில ஒருத்தன் பெரிய வலை இழுக்கிற மாரியே வாங்குறான். மேல ஒருத்தன் வெளாடுறான். ரெண்டு ஆளு."

ஜாஸ் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ஸ்டிரைட் பியானோவுக்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. கரையில் வரிசையாக நின்று வலை இழுப்பவர்களைப் பார்த்திருந்தால் தெரியும், காலை ஊன்றுவது ஓர் அடி, இழுப்பது மறு அடி, ஒருவர் பிசகினாலும் மொத்த வரிசையும் தள்ளாடும். டெடி பிசகவில்லை.

அந்த 1926-ஆம் ஆண்டே, டிரம்ஸ்காரர் ஜாக் கார்ட்டரின் குழுவோடு டெடி கப்பலேறி ஆசியாவுக்கு வந்துவிட்டார். இங்கே எனக்கு ஆத்திரம் வரும். ஷாங்காயில் அவர் ராஜா. ஒரே ராத்திரியில் நாலு கிளப்புகளில் மாறிமாறி வாசிப்பாராம். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1933-இல் அங்கே அவரைப் பார்த்து, பிறகு தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1934-இல் அமெரிக்கா போய், டிரம்பெட்காரர் பக் கிளேட்டனின் முழுக் குழுவையும் ஷாங்காயின் கேனிட்ரோமுக்கு அழைத்துவந்ததும் இவரே. எல்லாம் சரி. ஆனால் தட்டு? இருபத்து மூன்று வயதிலிருந்து முப்பத்திரண்டு வரை, ஒரு பியானோக்காரனின் விரல்களில் பாதரசம் ஓடும் வயது, அதற்குக் காது கொடுக்க இன்று நமக்கு ஒன்றும் மிச்சமில்லை. அந்த ஊர் ஸ்டூடியோக்காரர்கள் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பிறவியில் தீராது.

1936-இல் பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டல். குழுத் தலைவர் கிரிக்கெட் ஸ்மித், கார்னெட். இந்தப் பெயரைச் சாதாரணமாகத் தாண்டிப் போகாதீர்கள். ஜேம்ஸ் ரீஸ் யூரோப்பின் சொசைட்டி ஆர்க்கெஸ்ட்ரா 1913, 14-இல் நியூயார்க்கில் பதித்த தட்டுகள், அதாவது ஜாஸ் என்ற பெயரே தட்டுகளில் ஏறாத காலத்துத் தட்டுகள், அவற்றில் கார்னெட் ஊதியவர் இவர். அந்த மனிதர் இருபது வருடம் கழித்து பம்பாய்க் கடற்கரையில் ராஜாக்களுக்கும் பார்சிச் செல்வந்தர்களுக்கும் ஊதிக்கொண்டிருக்கிறார். கூட ரூடி ஜாக்சன், அமெரிக்க ஜாஸ் தலைவர் எலிங்டனின் குழுவில் 1927-இல் கிளாரினெட் ஊதியவர். ரெக்ஸ் லேபிளுக்காக இந்தக் குழு 'தாஜ் மஹால்' என்று ஒரு ஃபாக்ஸ்ட்ராட் பதித்தது. மெட்டு மீனா சைலஸ் என்ற பம்பாய் யூதருடையது. நரேஷ் ஃபெர்னாண்டஸ் 2012-இல் எழுதிய 'தாஜ்மஹால் ஃபாக்ஸ்ட்ராட்' புத்தகத்துக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். பம்பாய் ஜாஸைப் பற்றி அந்தப் புத்தகத்தைவிட நான் நன்றாகச் சொல்லிவிட முடியாது, எனவே நகர்கிறேன். ஒன்று மட்டும்: கொஞ்ச நாளில் குழுவின் தலைமை டெடி கைக்கு வந்தது.

1937 கோடையில் பாரிஸ். இங்கேதான் விருந்து. 'ஸ்விங்' என்ற புது லேபிளுக்காக டெடி தனியாக உட்கார்ந்து பியானோ மட்டும் வாசித்தார். குழு இல்லை, பாட்டுக்காரர் இல்லை, ஆடுகிற ஜோடி இல்லை, ஹோட்டல் மேனேஜர் இல்லை. 'டீ ஃபார் டூ', ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்', 'வெதர் பீட்டன் ப்ளூஸ்'. இடது கைக்காக மட்டும் கேட்கவேண்டும் என்றால் இவைதான். 'மேப்பிள் லீஃப் ராக்' 1899-இல் அச்சான பழைய உருப்படி. டெடி அதைப் பழையதாக வைத்திருக்கவில்லை. எங்கே ஊன்றுவார், எங்கே விட்டுப் பிடிப்பார் என்று பத்தாவது தடவை கேட்கும்போதும் ஊகிக்க முடியாது. ப்ளூஸில் அப்படியே வேறு மனிதர். அவசரமே இல்லை. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் ஒரு பீடி பற்றவைத்துவிடலாம்.

ஜாஸ் விமர்சகர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுவார்கள். சிகாகோத் தட்டு, பாரிஸ் தட்டுகள், அவ்வளவுதான் டெடி. கல்கத்தாப் பதிவுகள் என்றால் ஒரு வரி: வியாபார நாட்டியப் பாட்டுகள், சர்க்கரை அதிகம். படித்தவர்கள் சொல்வதை மறுத்துப் பேசும் தைரியம் எனக்கு எப்படி வந்தது என்றால், அந்தத் தட்டுகளை நான் கையில் வைத்துக்கொண்டு கேட்டதால்தான்.

என்னிடம் இருப்பவை பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ-இந்திய வீட்டிலிருந்து வந்தவை. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில், அம்மாவும் புறப்படுகிறார், வீட்டைக் காலி செய்கிறார்கள். பழுதான ஒரு மின்விசிறிக்காகப் போனவன் நான். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி. திறந்தால் கொலம்பியா, இந்தியாவில் தயாரானது, டெடி வெதர்ஃபோர்ட் அண்ட் ஹிஸ் பேண்ட். கை நடுங்கியது.

"எவ்ளோ வேணும் ஆன்ட்டி?"

"என்ன மேன், இதுக்குப் போயி காசா? எடுத்துக்கோ. டாடி ரயில்வேயில கல்கட்டா போய்ட்டு வரும்போது கொண்டாந்தது. இதுக்கு ஆடித்தான் மம்மியக் கட்டிக்கிட்டாரு, தெரியுமா?"

இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது அந்த இசையின் வேலை. 'பேஸின் ஸ்ட்ரீட் ப்ளூஸ்', 'மெம்பிஸ் ப்ளூஸ்', 'ப்ளூஸ் இன் த நைட்' என்று அமெரிக்காவின் பாட்டுகள்தான். ஆனால் பதிவான இடமும் பதித்த ஆட்களும் வேறு.

ஆட்களைப் பாருங்கள். 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கில் நம்மவர்கள் காடும் மலையும் நடந்து வந்தார்கள், வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த நடையின் கதைகளை வடசென்னையில் யாருக்கும் புதிதாகச் சொல்லவேண்டாம், பீச் ஸ்டேஷன் பக்கம் நின்று அத்தோ சாப்பிட்ட ஒவ்வொருவர் நாக்கிலும் பர்மா இருக்கிறது. அதே யுத்தம் ரங்கூன் இசைக்காரர்களையும் கல்கத்தாவில் கொண்டுவந்து சேர்த்தது. பர்மா யூதரான ரூபன் சாலமன், கிளாரினெட். ரங்கூனில் பிறந்த செட்ரிக் வெஸ்ட், கிட்டார். நேபாளத்துக்காரரான புஷ்கர் பகதூர், மேடைப் பெயர் ஜார்ஜ் பேங்க்ஸ், டிரம்பெட். கோவாக்காரர்கள், ஆங்கிலோ-இந்தியர்கள். நடுவில் பியானோவில் வர்ஜீனியாச் சுரங்க ஊர்க்காரர். அந்த நாளில் அமெரிக்காவின் பெரும்பாலான ஹோட்டல்களில் இப்படிப்பட்ட ஒரு கலப்புக் குழு ஒரே மேடையில் ஏறியிருக்க முடியாது. லண்டன் சவாயிலும் கிடையாது. தட்டில் அந்தக் கலப்பு கேட்கிறதா என்று கேட்பீர்கள். கேட்கிறது என்பதுதான் என் கட்சி. சிகாகோத் தட்டில் ஒவ்வொருவரும் மற்றவரை முந்தப் பார்க்கிறார்கள். கல்கத்தாத் தட்டில் எல்லோரும் அந்த இடது கையின் மேல் சாய்ந்துகொள்கிறார்கள். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு வாத்தியாரிடம், வெவ்வேறு பழக்கத்தில் வளர்ந்தவர்களை ஒரே நடையில் நடக்கவைக்க ஓர் ஊன்றுகோல் வேண்டும். 1926-இல் பொறி பறக்கவிட்ட ஆள் 1942-இல் அடியில் நின்று தாங்குகிறார். தன் வலது கையை அடக்கிக்கொண்டு பாடுகிறவருக்கும் கிளாரினெட்டுக்கும் வழிவிடுகிறார். விமர்சகர்கள் இதைச் சரிவு என்கிறார்கள். நான் இதைத்தான் உச்சம் என்கிறேன். நாற்பது வயதுக்காரனுக்கு வரவேண்டிய ஞானம் இது, அவருக்கு வந்திருக்கிறது.

இன்னொரு விஷயம், இதைத் தெரிந்துகொண்ட நாள் நான் ஷிப்டில் யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று அலைந்தேன். 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் தட்டு பதிப்பதையே நிறுத்திவிட்டது. ராயல்டிச் சண்டை. பெரிய கம்பெனிகளான விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை பணியவில்லை. எலிங்டன் ஆகட்டும், பேஸி ஆகட்டும், வழக்கமான வியாபாரத் தட்டு பதிக்க முடியவில்லை. கல்கத்தாவில் அந்தச் சங்கத்தின் அதிகாரம் செல்லாது. ஆக, அமெரிக்காவின் மகா கலைஞர்கள் கைகட்டி நின்ற காலத்தில் ஓர் அமெரிக்கர் கல்கத்தாவில் ஜாலியாகத் தட்டு பதித்துக்கொண்டிருந்தார்!

தட்டின் மூலப்பொருளும் இங்கேயிருந்துதான். 78 சுற்றுத் தட்டுக்குப் பசையாக இருப்பது அரக்கு. மரக்கிளையில் ஒட்டியிருக்கும் ஒரு பூச்சியின் சுரப்பு. ராஞ்சி சுற்றுவட்டாரக் காடுகள்தான் உலகத்துக்கே அரக்கு கொடுத்த இடம். யுத்தத்தில் கப்பல் போக்குவரத்து தடைபட்டதும் அமெரிக்காவில் அரக்குக்குப் பங்கீடு வந்தது, பழைய தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுத் தட்டு என்கிற நிலை. கல்கத்தாவுக்கோ அரக்குக் காடு கூப்பிடு தூரம், கிராமபோன் கம்பெனியின் தம் தம் தொழிற்சாலை ஊரை ஒட்டியே. இங்கிலாந்திலிருந்து வரும் புதுப்பாட்டுத் தட்டுகளுக்காகக் காத்திருக்க முடியாத நேரத்தில் உள்ளூர்க் குழுக்களுக்கு வேலை வந்தது.

இந்த இடத்தில் குதூகலத்தைக் கொஞ்சம் கீழே வைக்கவேண்டும். 1943, வங்காளப் பஞ்சம். இருபது முதல் முப்பது லட்சம் பேர் செத்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். கிராமங்களிலிருந்து நடந்துவந்தவர்கள் கல்கத்தாவின் நடைபாதையில் விழுந்து செத்துக்கொண்டிருந்தபோது சௌரிங்கி ஹோட்டல்களில் குழு வாசித்துக்கொண்டிருந்தது. சோல்ஜர்கள் ஆடினார்கள். அந்த வருடத்துத் தட்டு எதையும் இதை மறந்து என்னால் கேட்க முடிவதில்லை. மறக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன். இசைமேல் பழி போடவில்லை. கூலிக்கு வாசிக்கிறவர் கதவைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் உள்ளவர் இல்லை. ஆனால் கதவு மூடியிருந்தது.

ஆடிய சோல்ஜர்களில் அமெரிக்கர்கள் நிறைய. அமெரிக்கப் படையில் கறுப்பருக்குத் தனிப் படைப்பிரிவு, தனி மன்றம். செஞ்சிலுவைச் சங்கம் ரத்தத்தைக்கூட நிறம் பிரித்து எடுத்தது. ரத்தவங்கி முறையை வகுத்துக் கொடுத்த டாக்டர் சார்ல்ஸ் ட்ரூ ஒரு கறுப்பர், டெடியைவிடச் சில மாதமே இளையவர், அந்தப் பாகுபாட்டை எதிர்த்துப் பேசியவர். 2022 ஆகஸ்டில் எங்கள் காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்துக்குப் பழுதுபார்க்க ஒரு அமெரிக்கக் கடற்படைக் கப்பல் வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுதுபார்க்க இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பேப்பரிலெல்லாம் வந்தது. கப்பலின் பெயர் சார்ல்ஸ் ட்ரூ. எல்லோரும் கப்பலின் நீளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்கு வந்து 'பேஸின் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' போட்டேன். என்னால் முடிந்த வரவேற்பு.

1945 ஏப்ரல் 25 அன்று காலராவில் டெடி இறந்தார். வயது 41. யுத்தம் முடிய நாலு மாதம்கூட இல்லை. இன்னும் இருபது வருடம் இருந்திருந்தால் நீளத்தட்டு வந்திருக்கும், டேப் வந்திருக்கும், யாராவது ஒரு புண்ணியவான் அவரை நல்ல பியானோவில் உட்காரவைத்து முழு ராத்திரியும் பதிவு செய்திருப்பார். போகட்டும்.

இருப்பது கொஞ்சம் என்றாலும் அழியவில்லை. இங்கிலாந்தின் ஹார்லெக்வின் லேபிள் 1980-களில் 'ஜாஸ் அண்ட் ஹாட் டான்ஸ் இன் இந்தியா 1926–1944' என்று ஒரு நீளத்தட்டு போட்டது. டெடி இருக்கிறார், கிரிக்கெட் ஸ்மித் இருக்கிறார். 1926-இலேயே அதே கிராண்ட் ஹோட்டலின் குழுவை நடத்திக் கல்கத்தாவில் தட்டு பதித்த ஜிம்மி லெக்விம் பக்கமும் காதைத் திருப்புங்கள். அப்போதுதான் டெடி வந்து எவ்வளவு மாற்றினார் என்று புரியும்.

டெடியின் பெயரே கேள்விப்படாத நீங்களும் அவர் வழியாக நீளும் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணியைக் கேட்டிருக்கிறீர்கள். குழுவில் டிரம்பெட் ஊதிய ஜார்ஜ் பேங்க்ஸ், டார்ஜிலிங்கில் 1941-இல் பிறந்த தன் மகனுக்கு லூயி ஆம்ஸ்ட்ராங் நினைவாக லூயி என்று பெயரிட்டார். அந்த மகன்தான் லூயி பேங்க்ஸ், இந்திய ஜாஸின் மூத்த பியானோக்காரர். 1988-இல் தூர்தர்ஷனில் ஓடிக்கொண்டே இருந்ததே, 'மிலே சுர் மேரா துமாரா', பாலமுரளிகிருஷ்ணா தமிழில் பாடி வருவாரே, அதன் இசையமைப்பில் லூயி பேங்க்ஸின் கை இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங்கோடு தட்டு பதித்தவர் டெடி, டெடியோடு வாசித்தவர் அப்பா, ஆம்ஸ்ட்ராங்கின் பெயரைச் சுமந்தவர் மகன். சிகாகோ சினிமாக் கொட்டகைக்கும் நம் வீட்டு டயனோரா டிவிக்கும் நடுவில் மூன்றே பேர்.

கேட்கப்போகிறவர்களுக்கு என் யோசனை இது. முதலில் 'ஸ்டாட்டிக் ஸ்ட்ரட்', பியானோ இடம் வரும்வரை பொறுமை. அடுத்து பாரிஸ் 'மேப்பிள் லீஃப் ராக்', வலது கையை மறந்துவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் கல்கத்தாத் தட்டுகள், அப்போது அந்த இடது கை எங்கே ஒளிந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஹெட்போன் வேண்டாம், ஒலிப்பெட்டியில் வையுங்கள், ஆடுவதற்கு எழுதப்பட்ட இசை இது. அசல் தட்டு கிடைத்தால் பக்கத்துக்கு ஒரு புது ஊசி போடுங்கள், பழைய ஊசியால் உழுதுவிடாதீர்கள். பெரம்பூர், ராயபுரம், பரங்கிமலைப் பக்கம் ஏதாவது ஒரு கட்டிலுக்கு அடியில் இன்னும் தகரப்பெட்டிகள் இருக்கின்றன. உங்கள் கண்ணில் பட்டால் காயலான் கடைக்குப் போகும் முன்னே எனக்குச் சொல்லி அனுப்புங்கள், ராத்திரி ஷிப்டாக இருந்தாலும் மாற்றிக்கொண்டு வருகிறேன்.